சாப்பிடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்: நாய், பூனைகளின் வாய் நோய்க்கு ஒரு வடசென்னை வழிகாட்டி

"வாய்தான் கொஞ்சம் நாறுகிறது, மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறது." தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை நாய் வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் பதில் தவறாமல் வரும். இதில் முதல் பாதி நோயைச் சொல்கிறது, இரண்டாம் பாதி அதை மூடிவிடுகிறது. பல்லின் வேரில் சீழ் கட்டிய நாயும் சாப்பிடும். வலிக்கும் பக்கத்தை ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தால் மெல்லும், இரண்டு பக்கமும் வலித்தால் மெல்லாமலே விழுங்கும். தட்டு காலியாவதை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் தெரியவராது. நாய் உண்மையிலேயே தட்டைவிட்டு விலகும் நாளில் தாடை எலும்பே கரைந்திருக்கக்கூடும்.

வீட்டில் என்ன பார்ப்பது, எதற்கு அன்றே கிளம்புவது, மருத்துவரிடம் என்ன கேட்பது, திரும்பி வந்தபின் என்ன செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: வாயைத் தொடும் முன் வெறிநோயை நினையுங்கள்

எச்சில் வழிகிறது, வாயை மூட முடியவில்லை, தண்ணீரை விழுங்க முடியவில்லை. தெருவில் கூடியிருப்பவர்கள் உடனே சொல்வது, "எலும்பு மாட்டிக்கொண்டது, கையை விட்டு எடுங்கள்." மாட்டியிருக்கலாம். ஆனால் வெறிநோயின் ஒரு வகையில் நாய் யாரையும் துரத்திக் கடிப்பதில்லை. மூலையில் சாதுவாகக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், குரல் மாறும், எச்சில் ஒழுகும். பார்க்க அச்சு அசல் எலும்பு மாட்டிய நாய் மாதிரியே இருக்கும். தடுப்பூசி போட்டது உறுதியாகத் தெரியாத எந்த நாயின், பூனையின் வாயிலும் விரலை விடாதீர்கள். அது தெருவில் தினமும் நீங்கள் சோறு வைக்கும் நாயாக இருந்தாலும் சரி.

கையை விட்டாயிற்று, அல்லது எச்சில் ஒரு கீறலில் பட்டுவிட்டது என்றால், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். நாயின் பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட வீட்டு நாய் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நாய் களைத்துப் படுத்திருக்கும் நேரத்தில், நல்ல வெளிச்சத்தில், முகத்துக்கு எதிரே அல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, மேலுதட்டை மட்டும் கட்டைவிரலால் தூக்குங்கள். வாயைப் பிளக்கக் கூடாது. குறிப்பாகப் பார்க்க வேண்டியது மேல்தாடையில் கண்ணுக்கு நேர் கீழே இருக்கும் பெரிய கடைவாய்ப் பல். உமிழ்நீர் சுரந்து வரும் துவாரம் அதன் அருகில் இருப்பதால், பல்லில் ஓடுபோல் கெட்டியாகப் படியும் காரை அங்கேதான் அதிகம் ஏறும். கடினமான எலும்பைக் கடித்து உடைவதும் பெரும்பாலும் அந்தப் பல்தான்.

இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் ஓரளவு வெள்ளையாகவும் மறுபக்கம் பழுப்பும் பச்சையுமாகக் கெட்டியான ஓடு ஏறியும் இருந்தால், நாய் அந்தப் பக்கம் மெல்வதை எப்போதோ நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். மற்ற எந்த அடையாளத்தையும்விட இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது ஈறு. நல்ல ஈறு இளஞ்சிவப்பாகப் பல்லை ஒட்டிப் பிடித்திருக்கும். நாட்டு நாய்களுக்கு ஈறில் கறுப்புத் திட்டுகள் இருப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிவந்த கோடு, தொட்டால் ரத்தம், ஈறு விலகி வேர் தெரிவது ஆகியவை நோய். ஈறு முழுவதும் வெளுத்துப் போயிருந்தாலோ சிறு சிறு ரத்தப் புள்ளிகள் தெரிந்தாலோ பல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் உண்ணிக்கு ஆண்டு முழுவதும் கொண்டாட்டம். இதை நினைவில் வைத்திருங்கள், ஏழாம் படியில் தேவைப்படும்.

வாயைத் தொடவே விடாத பிராணியிடம் நடத்தையைக் கவனியுங்கள். தலையைச் சாய்த்து மெல்வது, கவளத்தைக் கீழே போட்டு மறுபடி எடுப்பது, முன்னங்காலால் முகத்தைத் தேய்ப்பது, ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, தலையைத் தடவினால் உறுமுவது. பூனையிடம் வேறு மாதிரி: மீன் வாசனைக்கு ஓடிவரும், ஒரு வாய் கடிக்கும், கத்திக்கொண்டு ஓடிவிடும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்துவதால் முடி சிக்குப் பிடித்து, முன்னங்கால்களில் எச்சில் கறை தெரியும்.

மூன்றாம் படி: என்ன நோய் என்று ஓரளவு அனுமானியுங்கள்

நோயைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. ஆனால் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதிகம் வருவது ஈறு நோய். சாப்பிட்டபின் பல்லில் படியும் பிசுபிசுப்பு இரண்டு மூன்று நாளில் சுண்ணாம்பேறிக் காரையாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் காரை அசிங்கம், அவ்வளவுதான். சேதம் முழுவதும் ஈறுக்கு அடியில் நடக்கிறது. அங்கே சேரும் கிருமிகளும் அவற்றோடு உடம்பு நடத்தும் போரும் சேர்ந்து பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கின்றன. ஈறு வெறுமனே சிவந்திருக்கும் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். எலும்பு கரைந்தபின் போனது போனதுதான். பொமரேனியன், பக், ஷிட்சு போன்ற சிறிய இனங்களில் தாடையே மெல்லியது, பல் வேரோ நீளமானது. கட்டிலிலிருந்து குதித்ததில் தாடை முறிந்தது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். குதித்தது காரணமல்ல, உள்ளே முன்பே உளுத்துப் போயிருக்கும். மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்கின் உட்பகுதிக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதான். அது கரைந்து ஓட்டை விழுந்தால் குடித்த தண்ணீர் மூக்கில் வரும், தும்மல் நிற்காது. அதற்குச் சளி மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

கண்ணுக்குக் கீழே வீக்கம் வருகிறது, உடைந்து சீழ் வடிகிறது, ஆறுகிறது, ஒரு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வீங்குகிறது என்றால், கண் சொட்டு மருந்தை ஓரம் வையுங்கள். முன்பு சொன்ன பெரிய கடைவாய்ப் பல்லின் வேர் கண்ணுக்குக் கீழேதான் முடிகிறது. கட்டி அங்கிருந்து கிளம்புகிறது. பல்லைக் கவனிக்காதவரை அது வந்துகொண்டேதான் இருக்கும்.

உடைந்த பல்லில் ஒரு புள்ளியைத் தேடுங்கள். உடைந்த முகத்தின் நடுவில் சிவந்த புள்ளி இருந்தால் நரம்பு திறந்து கிடக்கிறது, நாய்க்கு நல்ல வலி. கறுத்த புள்ளி என்றால் நரம்பு செத்துவிட்டது. வலி குறைந்ததாகத் தோன்றும், ஆனால் கிருமி வேருக்கு இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டிலும் வழி இரண்டே: வேர் சிகிச்சை அல்லது பல்லை எடுப்பது. அப்படியே விடுவது மூன்றாவது வழியாகாது.

பூனைகளுக்கென்று தனியாக இரண்டு உண்டு. ஒன்று, பல் தானாகக் கரைவது. ஈறு ஓரத்தில் பல்லின் மேல் சிவப்புச் சதை ஏறியதுபோல் தெரியும், அந்த இடத்தைத் தொட்டால் பூனையின் தாடை நடுங்கும். மற்றொன்று, வாய் முழுவதும், தொண்டை ஓரம் வரை ரணமாகும் கடும் அழற்சி. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் மீன் கழிவை நம்பிக் கூட்டமாக வாழும் பூனைகளைக் கூர்ந்து பாருங்கள், சிலவற்றின் மோவாய் எப்போதும் ஈரமாக இருக்கும். இந்த அழற்சியில் கடைவாய்ப் பற்களை, சில சமயம் எல்லாப் பற்களையுமே எடுப்பதுதான் நிலைத்த நிவாரணம் தருகிறது. கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் பல்லில்லாத பூனை மீனும் சோறும் பிசைந்து வைத்தால் திருப்தியாகச் சாப்பிடும்.

தெருநாய்களோடு பழகுபவர்கள் அறிய வேண்டியது இன்னொன்று. இனச்சேர்க்கையால் பரவும் ஒருவகைக் கட்டி, நக்குவதாலும் முகர்வதாலும் ஈறிலும் மூக்கிலும் வரும். பூக்கோசுபோல் சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும். பார்க்கப் பயங்கரம், ஆனால் வாரம் ஒருமுறை போடும் வின்கிறிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் நன்றாகக் கட்டுப்படும். குணமாகாத புற்று என்று கைவிடப்படும் நாய்களில் இதுவும் இருக்கிறது என்பதுதான் வேதனை. வயதான பிராணியின் வாயில் வரும் மற்றக் கட்டிகள் வேறு ரகம். வாய் மற்றபடி சுத்தமாக இருக்கும்போது ஒரே ஒரு பல் மட்டும் ஆடினாலும், எடுத்த பல்லின் குழி ஆறாமல் கிடந்தாலும், சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

குட்டிகளுக்கு நாலாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்துக்குள் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் வந்துவிட வேண்டும். பொமரேனியன் குட்டியின் வாயில் கோரைப்பல் இரட்டையாக நின்றால் பழையதை எடுத்தாக வேண்டும். கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே சேர்த்து முடித்துக்கொள்ளலாம். முயலின் பல் ஆயுள் முழுவதும் வளரும். கேரட்டும் ரொட்டியுமாகக் கொடுத்தால் தேயாது, புல்தான் அதற்கு அரம். வாய் நாற்றத்தில் மூத்திர வாடை கலந்திருந்தால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: இன்றா, இந்த வாரமா?

அன்றே கிளம்ப வேண்டியவை: நிற்காத ரத்தம், வண்டி மோதித் தாடை கோணியது, முகம் வீங்கி மூச்சு வாங்குவது அல்லது கண் மூடிப்போவது, வாயில் ஏதாவது மாட்டியது. பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் காத்திருக்காதீர்கள். தொடர்ந்து பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். முயலுக்கு அரை நாள் பட்டினியே அவசரம்.

மாட்டுவது என்றால் நம் பக்கத்தில் மூன்று. தூண்டில் முள்: இழுக்காதீர்கள், முள்ளுக்கு எதிர்க்கொக்கி உண்டு, சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். தூண்டில் கயிற்றை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டுக் கிளம்புங்கள். நூல்: பூனையின் நாக்கடியில் சுற்றியிருந்தால் மறுமுனை குடலில் இருக்கலாம், இழுத்தால் குடல் கிழியும். நல்லி எலும்பு: வளையமாக வெட்டிய துண்டு கீழ்த்தாடையில், கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். நாய் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும். குறடு எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து வெட்டி எடுத்துவிடுவார்கள்.

உடைந்த பல், ஆடும் பல், கண்ணடி வீக்கம், கட்டி, ஒரு பக்கமாக மெல்வது எல்லாம் இந்த வாரத்துக்குள். வெறும் காரையும் நாற்றமும் என்றால் நாள் குறித்துப் போகலாம், ஆனால் குறித்த நாளில் போக வேண்டும்.

ஐந்தாம் படி: அதுவரை செய்யக் கூடாதவை

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். புரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். மனிதர்களின் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் சரி, பூனைக்கு அது நஞ்சு. நமது பற்பசையும் வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும். சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

காரையை நகத்தாலோ கத்தி முனையாலோ சுரண்டுவதும் தவறு. பல்லின் மேற்பரப்பு கீறலாகி அடுத்த காரை இன்னும் வேகமாகப் படியும். எல்லாவற்றிலும் பெரிய தவறு, வீங்கும்போதெல்லாம் ஓர் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வருவது. வீக்கம் வடியும், மனம் ஆறும், மூலகாரணமான பல் அங்கேயே இருக்கும்.

ஆறாம் படி: வேப்பேரிக்குக் கிளம்புதல்

பக்கத்துத் தெரு கால்நடை மருத்துவர் முதலில் பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் பல் எக்ஸ்ரே, மயக்க மருந்துக் கருவி, ரத்தப் பரிசோதனை மூன்றும் வேண்டிய நோய் என்றால் அவை இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். நமக்கு வாய்த்தது, 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. அதன் மருத்துவமனையில் செலவு தனியாரைவிடக் குறைவு, கூட்டம் அதிகம். காலையிலேயே போய்விடுங்கள். இரவில் கிளம்புவதானால் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

திருவொற்றியூர், மணலி பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் கன்டெய்னர் லாரி நெரிசல் ஒரு தலைவலி. ஆட்டோவில் பக் போன்ற சப்பை மூக்கு நாயை நண்பகல் வெயிலில் அழைத்துச் செல்லாதீர்கள், பல் வைத்தியத்துக்குப் போய் வெப்பத் தாக்கில் முடியும். பூனையைக் கூடையில் வைத்து மேலே துணியைப் போட்டு மூடுங்கள். வாய் வீங்கிய நாய்க்கு இறுக்கமான வாய்க்கட்டு போடக் கூடாது, காற்றோட்டமுள்ள கூண்டு வகை வாய்ப்பூட்டு நல்லது. தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், வீட்டில் எடுத்த வாய்ப் படம், அது சாப்பிடும் விதத்தைக் காட்டும் ஒரு சிறு வீடியோ இவற்றைக் கொண்டுபோங்கள். மருத்துவமனை மேசையில் எந்த நாயும் தன் வலியைக் காட்டிக்கொள்ளாது, அந்த வீடியோ பேசும்.

ஏழாம் படி: மயக்க மருந்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்

"மயக்கம் கொடுக்காமல் சுத்தம் செய்ய முடியாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும், வெளியே தெரியும் காரையை மட்டும். ஈறுக்கு அடியில் கருவியை விட்டால் விழித்திருக்கும் எந்த நாயும் சும்மா இருக்காது. பளிச்சென்ற பல்லைப் பார்த்து நீங்கள் பணம் கொடுத்துவிட்டு வருவீர்கள், நோய் உள்ளேயே வளரும். முறையான சிகிச்சையில் மூச்சுக்குழாயில் குழாய் செருகுவார்கள், தெறிக்கும் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குப் போகாமல் அது காக்கும். பிறகு ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆழம் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, சுத்தம் செய்து, பளபளப்பாக்கி, காப்பாற்ற முடியாததை எடுப்பார்கள். கோரைப்பல்லின் வேர் வெளியே தெரியும் பல்லைவிட நீளம். அதை எடுப்பது அறுவை சிகிச்சைதான்.

வயதாகிவிட்டது என்பது மட்டும் மயக்கத்தை மறுக்கக் காரணமாகாது. இதயம், கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி. இங்கே நம் ஊருக்கென்று ஒன்றை வற்புறுத்துவேன்: பல் எடுக்கும் முன், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் இருக்கும் நாய்க்குத் தட்டணு குறைந்திருக்கலாம். அந்த நாயின் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. முதலில் காய்ச்சலுக்கு மருந்து, பிறகுதான் பல்.

கேட்க வேண்டிய மற்றவை: எக்ஸ்ரே எடுப்பீர்களா? எத்தனை பல் போகலாம்? உள்ளே பார்த்தபின் எண்ணிக்கை கூடினால் என்னைக் கேட்பீர்களா? வலிக்கு என்ன மருந்து, எத்தனை நாள்? மொத்தச் செலவு தோராயமாக எவ்வளவு? கூச்சப்படாமல் கேளுங்கள். முந்தைய இரவுக்குப் பிறகு உணவு கூடாது என்பார்கள், தண்ணீருக்கும் சிறு குட்டிகளுக்கும் அவர்கள் சொல்லும் நேரக் கணக்கு வேறாக இருக்கும். முயலைப் பட்டினி போடக் கூடாது, அதற்கு வாந்தி எடுக்கவே தெரியாது.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்தபின்

முதல் இரவு தள்ளாடும், முனகும். மாடிப்படி பக்கம் விடாதீர்கள். எச்சிலில் லேசான சிவப்பு ஓரிரு நாள் இருக்கலாம், சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தால் போன் செய்யுங்கள். இரண்டு வாரம் குழைந்த சோறும் உதிர்த்த கோழியும், எலும்பும் காரமும் உப்பும் இல்லாமல். பூனைக்கு முள் நீக்கிய மீனை லேசாகச் சூடாக்கி வைத்தால் வாசனைக்கு வரும். கயிறு இழுக்கும் விளையாட்டு வேண்டாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். வலி மாத்திரையை "நன்றாகத்தானே இருக்கிறது" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பலர் சொல்வது, "கிழடு என்று நினைத்தோம், குட்டி மாதிரி ஓடுகிறது." வயதின் சோர்வு என்று நாம் நினைத்ததில் எவ்வளவு வெறும் பல்வலி என்பது அப்போதுதான் தெரியும்.

ஒன்பதாம் படி: மறுபடி வராமல் இருக்க

தினமும் பல் தேய்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை. மூன்று நாளில் காரையாகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்ப்பது கணக்கில் சேராது. முதலில் விரலில் துணியைச் சுற்றி, கோழிச் சாறில் நனைத்து, பல்லின் வெளிப்பக்கம் மட்டும் சில நொடி தேய்த்துப் பழக்குங்கள். நாக்கு தொடும் உட்பக்கத்தை விட்டுவிடலாம். பழகியபின் குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ், பிராணிகளுக்கான பற்பசை. வாய் ஏற்கெனவே வலிக்கும் நாயிடம் இதைத் தொடங்காதீர்கள். சிகிச்சை முடிந்து ஆறியபின்தான், இல்லையென்றால் பிரஷைப் பார்த்தாலே கடிக்கும்.

எலும்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் எலும்பும் குளம்பும் மலிவாகக் கிடைக்கிறது என்று பை நிறைய வாங்கி வருபவர்கள் உண்டு. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். வேகாத தொடையெலும்பும் குளம்பும் பல்லைவிடக் கடினம், உடைவது பல்தான். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள், நகம் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். டீக்கடை பிஸ்கட்டும் பால் சோறும் பல்லில் அப்பிக்கொள்ளும், குறைத்துக்கொள்வது நல்லது.

ஆண்டுக்கு ஒருமுறை வெறிநோய்த் தடுப்பூசிக்கு எப்படியும் போகிறீர்கள், மாநகராட்சி உரிமத்துக்கும் அந்த அட்டை வேண்டும். ஊசி போட்டதும் கிளம்பிவிடாமல், "டாக்டர், வாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். சிறிய இன நாய்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.